வாளையார் தாண்டும்போது மாத்திரை நிற்கக்கூடாது: பாலக்காட்டுக்குக் குடிவரும் வாத நோயாளிகளுக்கு

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு 50 கிலோமீட்டர் சொச்சம், நடுவில் வாளையாரில் மாநில எல்லை. ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். இவ்வளவு பக்கத்தில்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முடக்குவாதம், லூபஸ், முதுகெலும்பை இறுக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ், சோரியாசிஸோடு சேர்ந்து வரும் மூட்டுவாதம் எல்லாமே உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குவதால் வருபவை. வீடு மாற்றும் சந்தடியில் ஒரு மாதம் மருந்து விட்டுப்போனால் அடங்கிக் கிடந்த வீக்கம் எழுந்துவிடும். திரும்ப மாத்திரையைத் தொடங்கினாலும் மறுநாளே கேட்காது. மெத்தோட்ரெக்சேட் போன்றவை வேலை காட்ட 6 முதல் 12 வாரம் பிடிக்கும்.

ஆகவே சாமான் கட்டுவதற்கு முன்பே பழைய டாக்டரிடம் போய் 3 மாதத்துக்குச் சீட்டு எழுதி வாங்குங்கள். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தெளிவாக இருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் கம்பெனி இங்கே கிடைக்காமல் போகலாம். ஃபைலில் கட்டாயம் இருக்க வேண்டியவை: நோயை உறுதி செய்த பழைய ரத்தப் பரிசோதனைகள், கடைசி மூன்று முறை எடுத்த சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஈரல், கிரியாட்டினின் (சிறுநீரகம்) முடிவுகள், மார்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனை செய்த தேதி. இதுவரை எந்த மருந்தை எதற்காக நிறுத்தினார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான், பலரிடம் இல்லாததும் அதுதான். அது இல்லாவிட்டால் ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போன மருந்தையே மறுபடி எழுதிவிடுவார்கள். முடக்குவாதக் காரணி (ஆர்ஏ ஃபேக்டர்) என்ற ரத்தப் பரிசோதனை ஒருமுறை பாசிட்டிவ் என்று வந்த பிறகு அதையே திரும்பத் திரும்ப எடுப்பது காசுக்குக் கேடு. நோய் எப்படி இருக்கிறது என்பதை, உடம்பின் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி பரிசோதனைகள் சொல்லும்.

வாரம் ஒருமுறை மாத்திரை

மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் வேறு நாளில் வரும். பெரும்பாலும் இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். பெட்டி படுக்கையைப் பிரிக்காத வீட்டில், பெரியவர் ஒருவர் ஃபோலிக் ஆசிட் என்று நினைத்து மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டுக்கொண்டால் ரத்த அணுக்கள் சரிந்துவிடும், உயிருக்கே ஆபத்து. வாய் முழுக்கப் புண், காய்ச்சல், பேதி என்று தொடங்கும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தினமும் சாப்பிட்டது தெரிந்த அன்றே, அட்டையையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். இதற்கு முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

இன்னொரு பிசகு கணக்கில் நடக்கும். முன்பு 2.5 மில்லிகிராம் மாத்திரை மூன்று சாப்பிட்டவர், இங்கே கடைக்காரர் 7.5 மில்லிகிராம் அட்டை கொடுத்ததும் பழக்கத்தில் அதிலும் மூன்று போட்டுக்கொள்கிறார். 7.5 சாப்பிட வேண்டியவருக்கு 22.5 உள்ளே போகிறது. எத்தனை மாத்திரை என்று மனப்பாடம் செய்யாதீர்கள், எத்தனை மில்லிகிராம் என்று செய்யுங்கள். அட்டையின் மேல் பேனாவால் கிழமையை எழுதுங்கள். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் வார விடுமுறைக்கு முந்தின ராத்திரியை வைத்துக்கொண்டால் மறுநாள் குமட்டலைப் படுத்தே கழித்துவிடலாம்.

முதல் 3 மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 2, 3 மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் பார்க்க வேண்டும். மது கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது செப்ட்ரான் எழுதினால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லி மாற்றி வாங்குங்கள், இரண்டும் சேரவே கூடாது. பிள்ளை பெறத் திட்டமிடும் பெண்கள் டாக்டரிடம் கேட்டு, சில மாதம் முன்பே இதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

ஸ்டீராய்டு விஷயம் நேர் எதிர், அங்கே கூடிப்போவது ஆபத்து என்றால் இங்கே நிறுத்துவது ஆபத்து. மூன்று வாரத்துக்கு மேல் ப்ரெட்னிசலோன் சாப்பிட்டவர் அதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் படுத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுதல். மருந்து தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்கலாம் என்பது இந்த மாத்திரைக்குப் பொருந்தாது. ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் சாப்பிடுபவர்களுக்குக் கண் டாக்டர் முக்கியம்: தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒருமுறை, 5 வருடம் ஆன பிறகு வருடா வருடம்.

ஒரே சொல், வேறு அர்த்தம்

பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் நர்ஸ் முதல் மருந்துக் கடை வரை தமிழ் ஓடும். திருச்சூர் மெடிக்கல் காலேஜுக்குப் போனால் அந்தச் சௌகரியத்தை எதிர்பார்க்காதீர்கள். மலையாளம் தெரியாதது பெரிய சிக்கலே இல்லை. தெரிந்த மாதிரி இருப்பதுதான் சிக்கல்.

மருந்து கொடுப்பவர் ‘ராவிலே ஒண்ணு’ என்பார். நம் காதுக்கு அது ராவுல, அதாவது ராத்திரி. மலையாளத்தில் ராவிலே என்றால் காலை. ஸ்டீராய்டைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பதுதான் வழக்கம். ராத்திரி போட்டால் தூக்கம் போய்விடும், பிறகு தூக்கம் வரவில்லை என்று அதற்கொரு மாத்திரை. அவர்கள் ராத்திரிக்கு ‘ராத்ரி’ என்றுதான் சொல்வார்கள்.

‘நீரு உண்டோ?’ என்றால் சிறுநீரைப் பற்றிக் கேட்கவில்லை, வீக்கம் இருக்கிறதா என்று கேட்கிறார். நல்லாத்தான் போகுது என்று பதில் சொன்னால் சீட்டில் வீக்கம் ஏறாது. ‘முட்டு’ என்பது அவர்களுக்கு முழங்கால். விரல் கணுவெல்லாம் வீங்கியவர் மூட்டு வலி என்று ஓ.பி. கவுண்டரில் சொன்னால், முழங்கால் என்று எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் அனுப்ப வாய்ப்பு உண்டு. வலிக்கு ‘வேதன’ என்று சொல்லி, எந்தெந்த இடம் என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். ‘பனி’ என்றால் காய்ச்சல்.

மனப்பாடம் செய்ய ஒரே ஒரு வாக்கியம் போதும்: ‘ராவிலே எழுந்நேல்க்கும்போள் கை மடக்கான் பற்றுந்நில்ல, ஒரு மணிக்கூர் கழிஞ்ஞால் சரியாகும்.’ காலையில் கை மடக்க முடியவில்லை, ஒரு மணி நேரம் கழித்துச் சரியாகும் என்பது பொருள். தேய்மான வலிக்கும் வாத நோய்க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க டாக்டர் தேடும் தகவல் இதுதான். கடையில் மெத்தோட்ரெக்சேட் வாங்கும்போது ‘ஆழ்ச்சயில் ஒரிக்கல்’ என்று அவர் வாயால் சொல்லக் கேட்டுவிட்டு நகருங்கள், வாரம் ஒருமுறை என்று அர்த்தம்.

எங்கே காட்டுவது, யார் காசு

உங்கள் பஞ்சாயத்தின் குடும்ப ஆரோக்கிய மையத்தில் முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாத நோய்க்குச் சிறப்பு டாக்டர் அங்கே இருக்க மாட்டார். ஆனால் பிரஷர், சுகர் பார்ப்பது, காய்ச்சலுக்கு ஓடுவது, மேலே அனுப்பச் சீட்டு வாங்குவது எல்லாம் அங்கிருந்துதான். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாத நேரத்தில் கேரள சுகாதாரத் துறையின் திசா எண் 1056-க்கு அழைக்கலாம். ஆம்புலன்ஸ் இங்கும் 108. வாத நோய் டாக்டருக்குத் திருச்சூரா கோவையா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: முதல் வருடம் பழைய டாக்டரை விடாதீர்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறிக் கோவை போய்விட்டு வந்தால் போதும். ரத்தப் பரிசோதனையை இங்கேயே எடுத்து முடிவைக் கொண்டுபோகலாம்.

கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் சேருகிறவர்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அதுதான் முதல் துணை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இது கிடைக்கும், குடும்பத்துக்கும் சேர்த்து. மாதா மாதம் வாங்கும் மாத்திரையும் இதில் அடக்கம். பழைய கம்பெனியில் வாங்கிய ஈஎஸ்ஐ நம்பரையே புது கம்பெனியில் கொடுங்கள், டிஸ்பென்சரியை மட்டும் மாற்றினால் போதும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ, கேரளத்தின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா அட்டையோ முக்கியமாகப் படுக்கையில் சேர்க்கும் சிகிச்சைக்குத்தான். மாத்திரைச் செலவை அவை தாங்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். அதற்குக் காருண்யா ஃபார்மசி, நீதி மெடிக்கல் ஸ்டோர், ஜன் ஔஷதி என்ற மலிவு விலை மருந்துக் கடைகள் மூன்றிலும் விலை கேட்டுப் பாருங்கள்.

அடலிமுமாப் மாதிரி வாத நோய் ஊசி போடுகிறவர்கள் கோவையிலிருந்து வாங்கி வருவதென்றால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து வர வேண்டும். ஐஸ் பாக்கெட்டைத் துணியில் சுற்றுங்கள், ஊசியின் மேல் நேராகப் படக்கூடாது. ஒருமுறை உறைந்த ஊசி, உருகிய பின் பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

மழையும் கர்க்கடகமும்

ஜூன் தொடங்கினால் டெங்கு, எலிப்பனி (எலிக்காய்ச்சல்), மஞ்சள் காமாலை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர் காய்ச்சலை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. அன்றைக்கே சிபிசி எடுங்கள், அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வேண்டாம், பாரசிட்டமால் மட்டும். வலி மாத்திரை நம் ஆட்களுக்குப் பாக்கெட்டிலேயே இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிப்பனித் தடுப்புக்கு ஆஷா ஊழியர் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால், வாங்கிக்கொண்டு உங்கள் மருந்துச் சீட்டையும் காட்டிக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். லூபஸ்காரர்களுக்கு மழையைவிட மார்ச், ஏப்ரல்தான் சோதனை. பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும், வெயில் பட்டால் நோய் கிளம்பும். முழுக்கைச் சட்டை, குடை, சன்ஸ்க்ரீன் மூன்றும் வேண்டும்.

நம் ஆடி மாதம் அவர்களுக்குக் கர்க்கடகம். தெருவுக்குத் தெரு எண்ணெய்ச் சிகிச்சை பலகை தொங்கும், பக்கத்து வீட்டுச் சேச்சி அன்போடு ஒரு வைத்தியரைச் சொல்வார். பட்டதாரி ஆயுர்வேத டாக்டரிடம் போவதில் தப்பில்லை. சூடாகச் சிவந்து வீங்கிய மூட்டை அழுத்தித் தேய்க்க விடாதீர்கள், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் ஆரம்பிப்பேன் என்பவரிடம் திரும்பப் போகாதீர்கள். இங்கே சிற்றமிர்து என்று விற்கும் சீந்தில்கொடி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. கொரோனா காலத்தில் அதைக் குடித்த சிலருக்கு, குறிப்பாக ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்களுக்கு, ஈரல் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டும் ஈரலைத்தான் உரசும்.

வீடு பார்க்கும்போது

இங்கே சில வாடகை வீடுகளில் கிணறு உண்டு, மோட்டார் இருக்காது. கயிறு பிடித்துத் தண்ணீர் இறைப்பது வீங்கிய மணிக்கட்டுக்கு ஆகாத வேலை. முன்பணம் கொடுப்பதற்கு முன் மோட்டார், குழாய், வெஸ்டர்ன் கழிப்பறை மூன்றையும் பாருங்கள். மட்டை அரிசி (கேரளச் சிவப்பரிசி) வேக நேரம் பிடிக்கும், தண்ணீரும் நிறைய வைக்க வேண்டும், அந்தக் கனமான பானையைச் சரித்துக் கஞ்சி வடிப்பதில்தான் கை நழுவிச் சூடு கொட்டும். பானையைச் சரிக்காமல் ஓட்டைக் கரண்டியால் சோற்றை அரித்தெடுங்கள். இல்லாவிட்டால் கடையில் சூடாறாப்பெட்டி என்று கேளுங்கள். கொதி வந்த பாத்திரத்தை அதற்குள் மூடி வைத்தால் மீதி வேக்காட்டை அதுவே பார்த்துக்கொள்ளும், அடுப்படியில் நிற்கும் நேரமும் குறையும். வாங்கும்போது உள்பாத்திரத்துக்கு இரண்டு பக்கமும் அகலமான பிடி இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.