மேப்பிள் சிரப்பும் கலைக்கூடங்களும்: ஒரு நாள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்டாவாவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் போன வாரம் தங்கள் பயணத் திட்டத்தை என்னிடம் காட்டியது. மார்ச் பள்ளி விடுமுறையில் ஒரு புதன்கிழமை, பக்கத்திலுள்ள லானர்க் கவுண்டியில் மூன்று சுகர் புஷ் (மேப்பிள் மரத்துச் சாற்றை எடுத்து, இனிப்பான சிரப்பாகக் காய்ச்சும் தோப்பு), நேரம் மிஞ்சினால் ஆல்மான்ட் என்ற சிற்றூரில் ஏதாவது ஓர் ஆர்ட் கேலரி. பார்த்ததும் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் போட்ட திட்டம் வரி மாறாமல் அப்படியே இருந்தது.

பூட்ஸ், கையுறை, மாற்று சாக்ஸ் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. கனடாவில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவருக்கு அது தெரியும்.

காலண்டரைப் பார்த்துத் தேதி குறிப்பது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் யாராவது இதைச் செய்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த வருடம் ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். ஒரு மாதம் முன்பே தேதி குறித்து, இரண்டு வேன் வாடகைக்கு எடுத்து, 13 பேராகக் கிளம்பினோம். அன்று காலை மைனஸ் 14. மதியத்திலும் மைனஸ் 6-ஐத் தாண்டவில்லை. மரத்தில் தொங்கிய வாளியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு வில்லை பனிக்கட்டி, அவ்வளவுதான். காய்ச்சும் கொட்டகையில் அடுப்பு அணைந்து கிடந்தது. பான்கேக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வேன் வாடகை போனது போகட்டும். அம்மா அடுத்த வாரம் ஊருக்குப் போனவர், அதன்பிறகு கனடாவுக்கு வரவே இல்லை.

மரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அந்தத் தேதியைக் குறித்திருக்க மாட்டேன். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மரத்துக்குள் இருக்கும் வாயு சுருங்கி, வேரிலிருந்து நீரை மேலே இழுக்கிறது. பகலில் பூஜ்யத்துக்கு மேலே ஏறினால் உறைந்தது இளகி, உள்ளே அழுத்தம் கூடி, துளையிட்ட இடத்தில் சாறு சொட்டுகிறது. இரண்டும் வேண்டும். நாள் முழுக்கக் குளிர் என்றால் ஒரு சொட்டும் வராது. இரவிலும் உறையவில்லை என்றால் ஓட்டம் நின்றுபோகும். சாறு சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் வந்த சூட்டில் காய்ச்சிவிடுவார்கள். ஆகவே சாறு ஓடாத நாட்களில் பெரும்பாலும் அடுப்பும் எரியாது.

என்ன செய்யலாம்? மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மூன்று சனிக்கிழமைகளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு வானிலை பாருங்கள். இரவு மைனஸ் 5, பகல் பிளஸ் 5, கொஞ்சம் வெயில் என்றால் அதுதான் நாள். கிளம்பும் முன் பண்ணைக்கு ஃபோன் செய்து, "இன்றைக்குக் காய்ச்சுகிறீர்களா?" என்று கேளுங்கள். நேர்மையாகச் சொல்வார்கள். கூட்டமாகப் போவதாக இருந்தால், தேதி மாற்றப் பணம் பிடிக்காத வண்டியாகப் பாருங்கள்.

சரியான நாளில் போனால், கொட்டகைக் கூரையிலிருந்து எழும் ஆவி தூரத்திலேயே தெரியும். உள்ளே அகலமான தட்டுகளில் சாறு பொங்கிக்கொண்டிருக்கும். மரத்திலிருந்து வரும்போது அதில் சர்க்கரை இரண்டு சதவீதம் போலத்தான். ஏறக்குறைய 40 லிட்டர் சாறு சுண்டினால் 1 லிட்டர் சிரப். தண்ணீரின் கொதிநிலையை விட 4 டிகிரி மேலே போனதும் சிரப் தயார். தெர்மாமீட்டர் இருக்கிறது, ஆனாலும் நான் பார்த்த ஒரு பெரியவர் தட்டையான கரண்டியை முக்கி எடுத்துச் சாய்த்துப் பிடித்தார். முதலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முக்கினார். இப்போது சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கரண்டியின் விளிம்பில் ஒரு சின்னத் திரை மாதிரி தொங்கி, பிறகு மொத்தமாக வழிந்தது. உடனே சிரப்பை வடிக்கும் குழாயைத் திறந்துவிட்டார். அதிரசத்துக்கு வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் என் அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அவருக்குத்தான் காட்ட முடியவில்லை.

ஒரே நாளில் மூன்று சுகர் புஷ்

ஒன்று போதும்.

கலையை மிச்ச நேரத்துக்குத் தள்ளுவது

ஆல்மான்ட் ஒட்டாவாவிலிருந்து 50 கிலோமீட்டர் போல. ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளால் வாழ்ந்த ஊர். ரோசமண்ட் கம்பளி ஆலையின் பழைய கட்டடம் ஒன்றில் இப்போது நெசவு அருங்காட்சியகம் இருக்கிறது. தறி, நூல், சாயம் என்றால் நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? காஞ்சிபுரத்திலோ சென்னிமலையிலோ தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே அரைமணியில் வெளியே வர மாட்டார்கள்.

முதல் உலகப் போர் நினைவாக இந்த ஊரில் நிற்கும் வெண்கலச் சிலையைச் செய்தவர் ராபர்ட் டெய்ட் மெக்கென்சி. 1867-இல் இந்தப் பகுதியில் பிறந்தவர். மருத்துவர், உடற்கல்வி ஆசிரியர், சிற்பி. எடின்பரோவிலும் அவருடைய போர் நினைவுச் சிற்பம் ஒன்று இருக்கிறது. 1830-இல் கட்டிய ஒரு மாவு ஆலையை 1930-இல் வாங்கிப் புதுப்பித்து, கோடை வீடாகவும் சிற்பக்கூடமாகவும் வைத்திருந்தார். அதுதான் மில் ஆஃப் கின்டெயில். ஆனால் அங்குள்ள அருங்காட்சியகம் ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதில்லை. கேட்காமல் மார்ச்சில் போய்ப் பூட்டிய கதவைப் பார்க்காதீர்கள்.

பெரும்பாலானவர்கள் காலையிலேயே சுகர் புஷ் போய், பான்கேக் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, நாலரைக்கு ஆல்மான்ட் வந்து சேர்கிறார்கள். அப்போது அங்குள்ள குயவர் கடையில் விளக்கை அணைத்துக்கொண்டிருப்பார். வரிசையை மாற்றுங்கள். காலை 10 மணிக்கு ஆல்மான்ட், சாப்பாடும் அங்கேயே. இரண்டு மணிக்கு சுகர் புஷ். கூட்டம் குறைந்திருக்கும், வெயில் ஏறி சாறும் நன்றாகச் சொட்டும். பான்கேக் எத்தனை மணி வரை என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வழியில் பாக்கன்ஹாமின் ஐந்து வளைவுக் கல்பாலத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கைவினைப் பொருளுக்குப் பேரம் பேசுவது

வேண்டாம். குவளையின் கைப்பிடி சேரும் இடத்தில் அதைச் செய்தவரின் கட்டைவிரல் தடம் இருக்கும். அதைத் தடவிப் பாருங்கள். பிடித்திருந்தால் சொன்ன விலைக்கு வாங்குங்கள்.

வெளிர் நிறம்தான் உயர்ந்தது என்று நினைப்பது

கடையில் விற்கும் நான்கு நிறங்களும் கிரேடு ஏ-தான். பருவத் தொடக்கத்தில் வருவது பொன்னிறம், மென்மையான சுவை. போகப் போக நிறமும் சுவையும் அடர்த்தியாகும். தோசைக்கும் பான்கேக்குக்கும் அதற்கடுத்த ஆம்பர் நிறம் நன்றாக இருக்கும். பாயசத்துக்கு நான் அடர்நிறத்தைத்தான் வாங்குகிறேன், பாலில் அதன் மணம் அடங்கிப் போவதில்லை. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

மரம் மொட்டு விட்ட பிறகு போவது

அந்தச் சாற்றில் காய்ச்சும் சிரப்பின் சுவை கெட்டிருக்கும். போகாதீர்கள்.

இருட்டும் வரை தங்குவது

சாறு ஓடும் நாள் என்றாலே பகலில் உருகி இரவில் உறையும் நாள். சாலையோரப் பனி உருகி ஓடிய தண்ணீர், வெயில் போனதும் கண்ணுக்குத் தெரியாத பனித்தகடாக மாறிவிடும். மான்களும் அந்த நேரத்தில்தான் சாலையைக் கடக்கும். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பி, நெடுஞ்சாலை 417-ஐப் பிடித்துவிடுங்கள்.