செல்லப்பிராணியுடன் வெளிநாடு செல்வோர் முதலில் கவனிக்க வேண்டியவை

நாயையோ பூனையையோ வேறு நாட்டுக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் விமானச் சீட்டைப் பற்றி யோசிக்கும் முன்பே கால்நடை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் இதில் பணத்தைவிட அதிகம் செலவாவது காலம்தான். தோலுக்கடியில் பொருத்தப்படும் 15 இலக்க அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் முதலில், வெறிநோய்த் தடுப்பூசி அதன் பிறகு என்ற வரிசை மாறவே கூடாது. சிப் பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி இந்த விலங்குக்குத்தான் போடப்பட்டது என்பதற்கு உறுதியான சான்று இல்லாததால், ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட பல இடங்களில் அது செல்லாது.

அடுத்தது, பல நாடுகள் கேட்கும் இரத்தப் பரிசோதனை. தடுப்பூசியால் உருவான எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருப்பதை, சேரும் நாடு அங்கீகரித்த ஆய்வகம் உறுதிசெய்ய வேண்டும். வெறிநோய் உள்ள நாட்டிலிருந்து ஜப்பானுக்குச் செல்லும் விலங்கு, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் போய்ச் சேர்ந்தால் மீதி நாட்களைத் தனிமைப்படுத்தும் மையத்தில் கழிக்க நேரும். அந்தக் காத்திருப்பை வீட்டிலேயே முடித்துவிடுவது விலங்குக்கும் நிம்மதி, உரிமையாளரின் பணப்பைக்கும் நிம்மதி. ஆஸ்திரேலியாவிலோ, பெரும்பாலான நாடுகளிலிருந்து வரும் விலங்குகளுக்கு ஆவணங்கள் அனைத்தும் சரியாக இருந்தாலும் குறைந்தது 10 நாள் தனிமைப்படுத்தல் உண்டு.

பயணக் கூண்டு, விலங்கு தலை இடிக்காமல் நின்று, திரும்பி, படுக்கும் அளவில் இருக்க வேண்டும். புறப்படும் முன் சிப்பை ஸ்கேன் செய்து, திரையில் தெரியும் எண்ணை ஒவ்வொரு சான்றிதழுடனும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடச் சொல்லுங்கள்.