கடற்கரை நகரில் ஒரு டர்போ: மஸ்டா எம்.எக்ஸ்-5 காருக்கு டர்போ தொகுதியைத் தெரிவு செய்து பொருத்தும் முறை

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் என் மைத்துனரின் மஸ்டா எம்.எக்ஸ்-5, முதலாம் தலைமுறையைச் சேர்ந்த 1.6 லீற்றர் கார். அதற்கு டர்போ பொருத்தும் வேலையை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று எண்ணித் தொடங்கினோம். ஐந்து வார இறுதிகள் பிடித்தன. அவற்றில் டர்போவைத் தூக்கி வைத்துப் பூட்டுவதற்குச் செலவானது ஒரேயொரு பிற்பகல்தான். துருப்பிடித்த ஸ்டட்டுகள் (இரு முனையிலும் மரையுள்ள ஆணிகள்), ஒயில் திரும்பும் குழாய், எரிபொருள் அளவு, வெப்பம் ஆகிய நான்கும் மீதி நாள்களை விழுங்கிவிட்டன. ஆகவே இந்த விளக்கத்திலும் அந்த நான்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

டர்போ செய்வது எளிய காரியம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற இந்த எண்ணத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. உள்ளே அதிக காற்று போனால் அதற்கேற்ப அதிக பெற்றோலும் போக வேண்டும், அந்தக் கலவை சரியான நேரத்தில் எரியவும் வேண்டும். எஞ்சின்கள் உடைவது பெரும்பாலும் காற்று கூடியதால் அல்ல, பெற்றோல் குறைந்ததாலும் வெப்பம் கூடியதாலுமே.

முதற்படி: எஞ்சின் தாங்குமா என்று பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் கொம்பிரஷன் சோதனை, அதாவது சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கும் சோதனை, செய்யுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, அக்சலரேட்டரை முழுமையாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். மிக உயர்ந்த அளவுக்கும் மிகத் தாழ்ந்த அளவுக்கும் இடையிலான வேறுபாடு பத்து வீதத்தைத் தாண்டினால், டர்போவுக்கு ஒதுக்கிய பணத்தை எஞ்சினைச் சீர்செய்வதற்குச் செலவிடுவதே முறை.

அடுத்து, எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் கவனியுங்கள்; பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதே அது. எம்.எக்ஸ்-5 1.6இல் அது 9.4க்கு 1, மிதமான பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் மேலதிகக் காற்றழுத்தத்தை, ஏற்கும். டொயோட்டா 86இல் அது 12.5க்கு 1. அந்தக் காருக்கும் டர்போ போடுகிறார்கள்தான், ஆனால் பிழை செய்வதற்கு அங்கே இடம் மிகக் குறைவு. முதன்முறை செய்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: பெற்றோலையும் வெயிலையும் வைத்துக் கணக்குப் போடுங்கள்

வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் குதிரைவலு எண்கள் அவர்களுடைய பெற்றோலுக்கும் அவர்களுடைய குளிருக்கும் உரியவை. இங்கே வழக்கமாக ஒக்டேன் 92, ஒக்டேன் 95 என்ற இரண்டையும் வைத்தே வேலை பார்க்க வேண்டும்; எண் கூடினால், கலவை நேரத்துக்கு முன் தானே வெடிக்கும் ஆபத்து குறையும். 95க்குக் காரைத் தயார்செய்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் கந்தளாயில் 92 மட்டும் இருக்கிறது என்ற பதிலைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? கிடைத்ததை அடித்துக்கொண்டுதான் வீடு திரும்புவீர்கள். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனவே 92இலும் பாதுகாப்பாக ஓடும்படி எஞ்சினைத் தயார்செய்து, 95ஐ மேலதிகக் காப்பாக வைத்துக்கொள்வதே என் தெரிவு. இதனால் சில குதிரைவலு குறையும், குறையட்டும்.

இனிக் கணக்கு. 1,597 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுப்பதால், நிமிடத்துக்கு 7,000 சுற்றில் அது ஏறக்குறைய 5,590 லீற்றர் இழுக்கும்; நிரம்பும் திறனை 90 வீதம் என்று கொண்டால் 5,030 லீற்றர். பூஸ்ட்டை 0.5 பார் என்று வைப்போம். அது ஏறக்குறைய 7 பி.எஸ்.ஐ. கச்சான் காற்று வீசும் நாளொன்றில் வெளிவெப்பநிலை 35 பாகை என்றால், 70 வீதத் திறனுள்ள கம்பிரசரிலிருந்து (டர்போவில் காற்றை நெருக்கும் பகுதி) வெளிவரும் காற்று ஏறக்குறைய 89 பாகைக்குச் சூடேறியிருக்கும். அப்படி ஏறிய சூட்டில் 70 வீதத்தை அகற்றும் இன்டர்கூலர் என்ற குளிர்விப்பான் அதை 51 பாகைக்கு இறக்கும். அந்த நிலையில் எஞ்சினுக்குள் போகும் காற்றின் நிறை நிமிடத்துக்கு 8.2 கிலோகிராம் அளவில் இருக்கும். நிமிடத்துக்கு ஒரு கிலோகிராம் காற்று ஏறத்தாழ 22 குதிரைவலுவைத் தரும் என்ற பொதுக் கணக்கின்படி, 120 குதிரைவலு அளவில் இருந்த எஞ்சின் 180ஐ எட்டும். இன்டர்கூலர் இல்லாவிட்டால் காற்றின் நிறை பத்து வீதத்துக்கு மேல் குறைவதோடு, நொக்கிங் என்ற ஆபத்தும் வந்து சேரும். பரவி வரும் சுவாலை எட்டுவதற்கு முன்பே, மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடிப்பதுதான் நொக்கிங். பிஸ்டனின் வளையப் பகுதியை உடைப்பது அதுவே. திருகோணமலையில் இன்டர்கூலர் இல்லாத மலிவான தொகுதியை எவர் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: தொகுதியைத் தெரிவு செய்தல்

180 குதிரைவலுவுக்குப் பெரிய டர்போ வேண்டியதில்லை. பெரிய டர்போ மெதுவாகவே சுழலத் தொடங்கும். உட்துறைமுக வீதியில் நாம் ஓட்டும் வேகத்தில் அது விழித்தெழவே மாட்டாது. இந்த அளவு எஞ்சினுக்குக் கரெட் நிறுவனத்தின் ஜி.டி.2554ஆர் போன்ற சிறிய டர்போ பொருத்தமானது. பிரபலமான பெயர்களில் போலிப் பொருள்கள் ஏராளமாக உலாவுவதால், தொடர் இலக்கத்தைச் சரிபார்க்க முடியாத டர்போவை நான் தொடுவதில்லை.

பூஸ்ட்டைக் கட்டுப்படுத்துவது, புகையில் ஒரு பகுதியை டர்போவின் விசிறியைத் தொடாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் என்ற வால்வு; அதன் ஸ்பிரிங் நிர்ணயிக்கும் அழுத்தத்துக்குக் கீழே பூஸ்ட்டை வைத்திருக்க எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியாலும் முடியாது. ஆகவே 0.5 பாருக்கு மேற்பட்ட ஸ்பிரிங் உள்ளதை வாங்கிவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். எஞ்சினின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் வார்ப்பிரும்பாக இருக்கட்டும். மெல்லிய துருவேறா உருக்குக் குழாய்களை ஒட்டிச் செய்தவை பார்க்க அழகானவை. ஆனால் டர்போவின் பாரத்தையும் சூட்டையும் ஒருசேரத் தாங்கும்போது ஒட்டுகளில் வெடிப்பு விழும்.

தொகுதியின் விலைப் பட்டியலில் இல்லாதவற்றை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு 400 கன சென்ரிமீற்றருக்குக் குறையாமல் பெற்றோல் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்கள், வலுவான எரிபொருள் பம்ப், நிரற்படுத்தக்கூடிய ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), காற்று எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஒட்சிசன் சென்சர், பலமான கிளட்ச். இன்ஜெக்டர் அளவும் கணக்கிலிருந்தே வருகிறது: 180 குதிரைவலுவுக்கு ஒவ்வொன்றும் எண்பது வீத நேரம் திறந்திருந்தால் ஏறக்குறைய 355 கன சென்ரிமீற்றர் தேவை, மீதி கையிருப்பு. 1.6 லீற்றர் காரின் பின்புற டிஃபரென்ஷியல் (வலுவைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி), 1.8 லீற்றர் கார்களில் வந்ததைவிடச் சிறியது என்பதையும் மறக்க வேண்டாம். சுங்கத் தீர்வையையும் கப்பற் கூலியையும் சேர்த்தால், எங்கள் அனுபவத்தில் தொகுதியின் விலை மொத்தச் செலவில் பாதியாகத்தான் இருந்தது.

நான்காம் படி: கழற்றுதல்

கடலுக்கு அருகில் வாழும் கார்களின் நட்டுகள் வேறு இனம். நிலாவெளிப் பக்கம் நிறுத்திவைத்த கார் என்றால் இன்னும் மோசம். வேலை தொடங்குவதற்கு மூன்று நாள்களுக்கு முன்பிருந்தே ஒவ்வொரு மாலையும் எக்ஸோஸ்ட் ஸ்டட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். கழற்றும்போது ஒரேயடியாகத் திருகாமல், சற்று இளக்கி, மீண்டும் இறுக்கி, மறுபடி இளக்கி முன்னும் பின்னுமாக எடுங்கள். நான் அவசரப்பட்டேன்; கடைசி ஸ்டட் சிலிண்டர் ஹெட்டோடு மட்டமாக முறிந்தது. அதைத் துளையிட்டு எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையில் துளை கோணலாகப் போய்விட்டது. பிறகு அனுபவமுள்ள பழைய மெக்கானிக் பாஸ் ஒருவர், முறிந்த முனையின் மீது ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டிலேயே திருகி எடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் பதினைந்து நிமிடம். தேநீர் குடித்த நேரத்தையும் சேர்த்து.

பற்றரியைத் துண்டித்து, கூலன்ட்டையும் ஒயிலையும் வடித்து, காரைத் தட்டையான தரையில் ஸ்டாண்டுகளில் நிறுத்திய பின்னரே கீழே போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் காரின் கீழ் படுக்கக் கூடாது.

ஐந்தாம் படி: ஒயில் குழாய்கள்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. ஒயில் படலத்தின் மேலேயே அது உயிர்வாழ்கிறது. புதியவர்கள் அதிகம் தவறுவது உள்ளே போகும் குழாயில் அல்ல, திரும்பி வரும் குழாயில். டர்போவிலிருந்து வெளியேறும் ஒயில் அழுத்தத்தால் வருவதில்லை, தன் எடையால் வடிகிறது. ஆகவே அந்தக் குழாய் அகலமாகவும், எங்கும் மேலேறாமலும் மடியாமலும், முடிந்தவரை செங்குத்தாகவும் இறங்கி, எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்பில், ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். மட்டத்துக்குக் கீழே இணைத்தால் ஒயில் டர்போவுக்குள் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, சைலன்சரில் நீலப் புகையாக வரும். டர்போ பழுதென்று பலர் முடிவுகட்டுவது அப்போதுதான்; குற்றவாளி பெரும்பாலும் குழாய்.

சம்ப்பில் துளையிடுவதற்கு அதைக் கழற்றி எடுப்பதே நல்லது. எஞ்சினிலேயே வைத்துத் துளையிட்டால் உலோகத் துகள் உள்ளே விழும். எத்தனை முறை கழுவினாலும் மனம் ஆறாது. தண்டு உருக்குக் குண்டுகளின் மேல் சுழலும் போல் பெயரிங் டர்போவாக இருந்தால் ஒயில் நுழைவாயிலில், உற்பத்தியாளர் சொல்லும் அளவிலான சிறுதுளைக் கட்டுப்படுத்தி அவசியம். சாதாரண பெயரிங் டர்போவுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. கூலன்ட் குழாய்களையும் இணைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: பூட்டுதல்

புதிய கேஸ்கட்டுகளையும் புதிய ஸ்டட்டுகளையும் பயன்படுத்தி, மெனிபோல்ட்டை நடுவிலிருந்து வெளிப்புறமாக, டோர்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். டர்போவுக்கு அருகில் செல்லும் பிரேக் குழாய், வயர், இறப்பர்க் குழாய் அனைத்துக்கும் வெப்பக் கவசம் போடுங்கள். இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் அமர்வதால் ரேடியேட்டருக்குக் காற்று குறையும்; பழைய ரேடியேட்டராக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை உறிஞ்சு குழாய்க்கு அனுப்பும் பி.சி.வி. வால்வு பூஸ்ட்டைத் திருப்பித் தடுக்கும் நிலையில் இருக்கிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். அது பழுதானால் பூஸ்ட் ஒயில் சம்ப்புக்குள் புகுந்து சீல்களைத் தள்ளிவிடும்.

எல்லாம் பூட்டியதும், டர்போவின் நுழைவாயிலை மூடி 0.5 பார் காற்றைச் செலுத்தி, ஒவ்வோர் இணைப்பிலும் சவர்க்கார நீர் தெளியுங்கள். குமிழி வரும் இடத்தில் கிளாம்பை மறுபடி இறுக்க வேண்டும்.

ஏழாம் படி: எரிபொருளும் தீப்பொறியும்

1.6 லீற்றர் காரில் காற்றை அளப்பது ஒரு கதவு அசைந்து காட்டும் பழைய முறை. அதை அகற்றி, அழுத்தத்தை அளக்கும் மெப் சென்சரோடு வேலைசெய்யும் ஈ.சி.யு.வுக்கு மாறுவது நல்லது. பிளக்குகளில் ஒரு படி குளிர்ந்ததை எடுங்கள்: என்.ஜி.கே.யில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது, அதாவது 6க்குப் பதில் 7. இடைவெளி 0.8 மில்லிமீற்றர் போதும். அகன்ற இடைவெளியில் பூஸ்ட்டின்போது தீப்பொறி அணைந்துபோகும்.

சாதாரண ஓட்டத்தில் காற்று எரிபொருள் விகிதம் 14.7ஐ அண்டியும், முழுப் பூஸ்ட்டில் 11.5 அளவிலும் இருக்க வேண்டும். எண் கூடினால் பெற்றோல் குறைகிறது என்று பொருள்; பூஸ்ட்டில் 13ஐக் கண்டால் உடனே அக்சலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். தீப்பொறி நேரத்தை, பூஸ்ட்டின் ஒவ்வொரு பி.எஸ்.ஐ.க்கும் ஏறக்குறைய ஒரு பாகை பின்தள்ளித் தொடங்குவது பாதுகாப்பானது.

எட்டாம் படி: முதல் தடவை இயக்குதல்

டர்போவின் ஒயில் துளைக்குள் சுத்தமான ஒயிலைச் சிறிது ஊற்றி, விசிறியைக் கையால் சுழற்றுங்கள். பின்னர் தீப்பொறியையும் இன்ஜெக்டரையும் துண்டித்து, ஒயில் அழுத்தம் காட்டும் வரை ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து வினாடிகளாகச் சுற்றுங்கள். அதன் பிறகே எஞ்சினை உயிர்ப்பியுங்கள். முதல் நிமிடங்களில் சிறிது புகை வருவது இயல்பு. கழற்றிப் பூட்டிய பாகங்களில் ஒட்டிய எண்ணெய் எரிகிறது. ஒயில் ஒழுகுகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள், அணையுங்கள், ஆறவிடுங்கள், மெனிபோல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.

ஒன்பதாம் படி: டியூனிங்கும் வீதியும்

இறுதி டியூனிங்கை டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டி வலுவை அளக்கும் பொறி), அனுபவமுள்ள ஒருவரிடம் செய்வதே சிறந்தது. கொழும்பு 260 கிலோமீற்றர் தூரம் என்பதால், அதுவரை பாதுகாப்பான ஆரம்ப நிரலோடு, அக்சலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல், பூஸ்ட் எழாமல் ஓட்டிச் செல்லுங்கள். ஊர் வீதியில் முழு வேகச் சோதனை செய்வதை நான் ஏற்பதில்லை. நகர எல்லைக்கு வெளியே காருக்குரிய வேக வரம்பு 70 கிலோமீற்றர். அதற்கும் மேலாக, இங்கே இரவில் மாடுகள் மட்டுமல்ல, புள்ளிமான்களும் வீதிக்கு வரும்.

மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் இந்த மாற்றம் பற்றி வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையை மனத்தில் வைத்து, கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை அகற்றாதீர்கள்.

முதல் 500 கிலோமீற்றரில் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். பழைய பில்டரை வெட்டி, மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள்: கருமை மட்டுமென்றால் தொடர்ந்து ஓட்டலாம், மினுங்கும் துகள் இருந்தால் காரைக் கொட்டகையிலேயே நிறுத்தி, டர்போவின் தண்டு ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும்.