ஜப்பான்ல உனாகி சாப்பிட போறீங்களா? அவசரமில்லாம போங்க

ஜப்பான் போறவங்க சுஷி, ராமென்னு பெரிய லிஸ்ட் போடுவாங்க, ஆனா விலாங்கு மீனை கரி அடுப்புல சுட்டு தர்ற உனாகி கடைய விட்டுடுவாங்க. தயவு செஞ்சு விடாதீங்க. ஒன்றரை மணி நேரமாச்சும் ஒதுக்கிட்டு போங்க, ஏன்னா நல்ல பழைய கடைகள்ல ஆர்டர் கொடுத்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும், தட்டு வர முக்கால் மணி நேரம்கூட ஆகும். கம்பி குத்த 3 வருஷம், அறுக்க 8 வருஷம், சுட ஆயுசு பூரா கத்துக்கணும்னு அந்த தொழில்ல ஒரு சொலவடையே இருக்கு, அதனால சீக்கிரம் கொண்டு வாங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க. காத்திருக்கற நேரத்துக்கு வறுத்த எலும்பு (மொறுமொறுன்னு இருக்கும்), இல்ல விலாங்கு வச்சு சுருட்டின ஆம்லெட் உமாகி சொல்லிக்கலாம்.

மெனுல மாத்சு, தாகே, உமேன்னு மூணு ரகம் இருக்கும். பெரும்பாலும் மீனோட அளவுதான் வித்தியாசம், ருசில இல்ல, அதனால முதல் தடவைக்கு நடு ரகம் தாராளமா போதும். சில கடைகள்ல வரிசை மாறி இருக்கும், விலைய பாத்து முடிவு பண்ணுங்க. அரக்கு பெட்டில சோறு மேல மீன் வச்சு வந்தா உனாஜு, கிண்ணத்துல வந்தா உனாதோன். நல்ல கடைல உனாஜு 4000 யென்னுக்கு மேலயே இருக்கும், சில பழைய கடைகள்ல கார்டு வாங்க மாட்டாங்க, கைல காசு வச்சுக்கோங்க.

டோக்கியோ பக்கம் முதுகு வழியா கீறி, ஆவில வேகவச்சு அப்புறம் சுடுவாங்க, குச்சி பட்டதும் பிஞ்சு வர்ற அளவுக்கு மெத்துன்னு இருக்கும். ஒசாகா பக்கம் வயித்து வழியா கீறி ஆவி காட்டாம நேரா சுடுவாங்க, தோல் முறுகலா, கொழுப்பு வாசனை தூக்கலா இருக்கும். மீன் வறுவல் முறுகலா பிடிக்கற நம்மாளுங்களுக்கு ஒசாகா ரகம்தான் சட்டுனு ஒட்டும்னு எனக்கு தோணுது.

மூடிய திறந்ததும் ஆவியோட சோயா சாஸும் மிரினும் (சமையலுக்கு ஊத்தற இனிப்பு அரிசி மது) கருகின இனிப்பு வாசனை வரும், மீன் பழுப்பு நிறத்துல பளபளன்னு இருக்கும், அடில சோத்துல சாஸ் ஊறியிருக்கும். முதல் வாய் அப்படியே சாப்பிடுங்க. அப்புறம் சன்ஷோங்கற ஜப்பான் மிளகுப் பொடி லேசா தூவுங்க, எலுமிச்சை மாதிரி மணம், நாக்கு லேசா மரமரக்கும், கொழுப்ப அழகா வெட்டும். கூட வர்ற தெளிவான சூப்புல மிதக்கறது விலாங்கோட ஈரல், குடல் எல்லாம், பயப்படாம சாப்பிடுங்க, லேசா கசக்கும் அவ்ளோதான். சைவக்காரங்களுக்கு இங்க ஒண்ணும் தேறாது, மிரின்ல ஆல்கஹால் இருக்கறதால அத தவிர்க்கறவங்களும் யோசிச்சுக்கோங்க.

நகோயா போனா ஹித்சுமபுஷி, அதாவது சுட்ட விலாங்க நறுக்கி சோறு மேல போட்டு தர்றது. 1873ல ஆரம்பிச்ச அத்சுதா ஹோரைகென் இதுக்கு ரொம்ப பேர் போன கடை. மரத்தொட்டில வர்றத நாலா பிரிச்சு, முதல் பங்கு சும்மா, ரெண்டாவது வெங்காயத்தாள், காரமான வசாபி, நோரி (காய்ஞ்ச கடல்பாசி) போட்டு, மூணாவது சூடான தாஷி (ஜப்பான் சூப் சாறு) ஊத்தி, நாலாவது எது பிடிச்சுதோ அப்படி.

ஜூலை கடைசி வாக்குல விலாங்கு சாப்பிடற நாள்னு ஒண்ணு வரும், அன்னிக்கு கூட்டம் தாங்காது, வேற நாள் போங்க. விசா இருந்து நரிதா ஏர்போர்ட்ல நேரம் மிச்சமிருந்தா, நரிதா கோயிலுக்கு போற தெருவுல 1910லேர்ந்து இருக்கற கவதோயோல வாசல்லயே விலாங்கு அறுக்கறத பாத்துட்டு உள்ள போய் சாப்பிடலாம், நரிதா ஊர் ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிடலாம்.