செஸ் போட்டியை அரங்கில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஆனந்தும் கார்ல்சனும் 2013இல் உலகப் பட்டத்துக்கு மோதியது நம் சென்னையில், அண்ணா சாலை ஹயாட் ரீஜென்சியில். சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டி 2024இல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடந்தது, 2025இல் மறுபடி ஹயாட்டில். இவ்வளவு பக்கத்தில் நடந்தும் பலர் யூடியூப் நேரலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு ரவுண்டாவது நேரில் பாருங்கள். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. டிக்கெட் உண்டா, சிறுவர்களை விடுவார்களா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். நடத்துபவர்களின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஹயாட்டுக்குத் தேனாம்பேட்டை மெட்ரோ வசதி. நூலகத்துக்குப் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம்.

அடுத்தது போன். ஸ்மார்ட் வாட்சும் இதில் சேரும். நடுவர் அனுமதியில்லாமல் ஆடுமிடத்தில் யாரும் போன் பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியே இருக்கிறது. பார்வையாளர் ஆட்டத்தில் தலையிட்டால் நடுவர் வெளியே அனுப்பலாம். அதனால் வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். பக்கத்து ஆளிடம் "குதிரையை எடுத்திருக்கலாமே" என்று முணுமுணுப்பதும் வேண்டாம்.

எப்போது போவது? இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. கிளாசிக்கல் எனப்படும் நீண்ட நேர ஆட்டத்தில் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 விநாடி என்பது பரவலான கணக்கு. அப்படியென்றால் 40ஆவது நகர்த்தலுக்குள் ஒருவருக்குக் கிடைப்பது 110 நிமிடம், இருவருக்குமாக மூன்று மணி நாற்பது நிமிடம். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கினால், நேரம் தீரத் தொடங்கி உண்மையான பரபரப்பு வருவது ஆறு மணியை ஒட்டித்தான். தொடக்கத்தில் கைகுலுக்கலைப் பாருங்கள், கேமராக்காரர்கள் நகரும்வரை இருங்கள், அப்புறம் வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள். ஐந்தரைக்கு மேல் மட்டும் இருக்கையை விடாதீர்கள்.

உள்ளே எதைப் பார்ப்பது? நேரலையில் ஓரமாக ஒரு பட்டை ஓடும், யார் முன்னிலை என்று கணினி சொல்லிவிடும். நாமும் "ஐயோ, தப்பு பண்ணிட்டாரே" என்போம். ஆடுகிறவருக்கு அந்தப் பட்டை தெரியாது. அரங்கில் போனும் இல்லாமல் உட்கார்ந்தால் உங்களுக்கும் தெரியாது. அவர் தேடுவதை நீங்களும் சேர்ந்து தேடுவீர்கள். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் செஸ்ஸில் இல்லை. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், பிறகு முகத்தை, கடைசியில் போர்டை. நகர்த்திவிட்டு உடனே எழுந்து அடுத்த போர்டுகளைப் பார்க்க நடக்கிறாரா? பெரும்பாலும் வீட்டில் தயாரித்து வந்த நகர்த்தலாக இருக்கும். வழக்கமாக உலாவுகிறவர் அரைமணி நேரம் நாற்காலியை விட்டு அசையவில்லையா? அந்தப் போர்டில் ஏதோ சிக்கல். ஆட்டம் புரியாத அம்மா அப்பாகூட இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

முடிவு தூரத்திலிருந்தே தெரிய ஒரு வழி உண்டு. நகர்த்தல்களைத் தானாகப் பதியும் மின்னணு போர்டில், ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் நடுக் கட்டங்களில் வைப்பார்கள். இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் இருந்தால் வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக் கட்டத்தில் இருந்தால் கறுப்புக்கு. ஆளுக்கொரு நிறத்தில் இருந்தால் டிரா. உடனே கைதட்டிவிடாதீர்கள், மற்ற போர்டுகளில் ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு கமெண்டரி நடக்கும் இடத்தைத் தேடிப் போங்கள். வென்றவர் அங்கே வந்து தன் கணக்கை விளக்குவதுண்டு, புதியவர்களுக்கு அது நல்ல பாடம். கையெழுத்து வாங்க ஆசையென்றால் அதற்கப்புறம் கேளுங்கள். தோற்றவரை அன்றைக்கு விட்டுவிடுங்கள். நோட்டும் பேனாவும் கையோடு இருக்கட்டும், போனை வாங்கி வருவதற்குள் அவர் கிளம்பியிருப்பார்.