பழைய சொகுசு ஜீப் வாங்கப் போகிறீர்களா? பின் இருக்கைக்குக் கீழே குனிந்து பாருங்கள்

ஏ9 வீதியில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். கார்ப்பெட் றோட்டில் எல்லா வாகனமும் சொகுசுதான். கிளிநொச்சியில் ஏதாவதொரு கிரவல் ஒழுங்கைக்குள் விட்டு, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். சஸ்பென்ஷன் புஷ் (சில்லைத் தாங்கும் பாகங்களின் மூட்டில் இருக்கும் ரப்பர்) தேய்ந்திருந்தால் 'டொக் டொக்' என்று அதுவே சொல்லிவிடும்.

லெக்ஸஸ் ஆர்எக்ஸ் ஹைபிரிட் என்றால் பின் இருக்கைக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெரிய பற்றரி குளிர்வது அந்த வழியால்தான். விரலில் செம்புழுதி அப்பினால், நானென்றால் பற்றரியைச் சோதிக்காமல் விலையே பேச மாட்டேன்.

அப்புறம் ரயர். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. ரயரில் உள்ள பள்ளம் தேயாமல் ஆழமாக இருந்தாலும் ரப்பர் பழசுதான். வீட்டில் அம்மம்மா இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜீப்பில் ஏறி இறங்க முடிகிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.