பெண்கள் குழுவோடு 100 கிலோமீட்டர் சைக்கிள்: முதல் தடவை வருபவர்களுக்கு

போன மார்கழியில் எங்கள் பெண்கள் குழுவோடு 100 கிலோமீட்டரை ஓட்டி முடித்தேன். விடிகாலை 5 மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் கிளம்பி சித்தூர், பாலக்காடு, கொல்லங்கோடு, முதலமடை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று சுற்றி வந்து சேரும் வழி. அதற்கு முந்தைய முயற்சியில் கோவிந்தாபுரத்தோடு சரி. சைக்கிளை ஆட்டோவில் ஏற்றித்தான் வீடு திரும்பினேன். இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் 20 கிலோமீட்டராவது ஓட்டுபவர்களுக்கு இது போதும்.

1. சைக்கிளும் சீட்டும்

இந்த வழியில் பெரிய ஏற்றம் இல்லை. விலை உயர்ந்த ரோடு பைக் வேண்டாம், நேரான ஹேண்டில்பார் வைத்த ஹைப்ரிட் சைக்கிள் தாராளம். பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும்; சீட் உயரம் அவ்வளவுதான். மெத்து மெத்தென்று இருக்கும் ஜெல் கவரைக் கழற்றிவிடுங்கள். 40 கிலோமீட்டர் தாண்டினால் அது உரசிப் புண்ணாக்கும். நமக்கு உட்காரும் எலும்புகள் பொதுவாகக் கொஞ்சம் அகலம் என்பதால், அதற்கேற்ற அகலத்தில் கெட்டியான சீட் வாங்குவதே மேல்.

2. உடை

உட்காரும் இடத்தில் மெத்தை (பேட்) வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ், உள்ளே ஜட்டி இல்லாமல். மேலே தளர்வாக எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தோளில் பட்டை வைத்த பிப் ஷார்ட்ஸ் நல்லது என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் மேல்சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தால், போவதையே தள்ளிப்போடுவோம்.

3. தண்ணீர்

என்னைக் கவிழ்த்தது இதுதான். பஸ்ஸில் ஊருக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியவர்கள் நாம். எனக்கு அது பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிய பழக்கம். முதல் முயற்சியில் 70 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியும் ஒரு பாட்டில் முழுதாகக் குடிக்கவில்லை. முதலமடை மாந்தோப்புகளைத் தாண்டும்போது தலை விண் விண்ணென்று தெறித்தது. வெயில்தான் என்று நினைத்தேன். கோவிந்தாபுரத்தில் காலை ஊன்றியதுமே வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது.

எங்கள் குழுவின் மூத்த அக்காவுக்கு வயது 58. 1992இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியபோது ஓட்டக் கற்றவர். என் பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் தளும்பியது. “ஏங்கண்ணு, ஒதுங்க எடமில்லைன்னு பயந்துட்டியா?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் முதலில் கழிப்பறைகளைத் தேடுங்கள், பிறகு வழியை முடிவு செய்யுங்கள். முந்தின வாரமே ஸ்கூட்டரில் போய் 20, 25 கிலோமீட்டருக்கு ஓர் இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க், ஓட்டல், கேரளத்தில் ‘டேக் எ பிரேக்’ என்று பெயர் போட்ட ஓய்விடங்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாத இடத்தில் வீட்டு வாசலில் நிற்கும் பெண்களிடம் “சேச்சீ, பாத்ரூம் ஒண்ணு உபயோகிச்சோட்டே?” என்று கேட்டிருக்கிறோம். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

குறித்த இடம் வந்தால், தேவை இருக்கிறதோ இல்லையோ, குழு முழுவதும் நிற்க வேண்டும். எங்கள் குழுவில் இது சட்டம். “எனக்காகக் கொஞ்சம் நிறுத்துங்க” என்று யாரும் கூச்சத்தோடு கேட்க வேண்டியதில்லை.

இனி தைரியமாகக் குடிக்கலாம். கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மிடறு; மணிக்கு சுமார் அரை லிட்டர், வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஓஆர்எஸ். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை 750 மில்லி பாட்டிலில் கொட்டாதீர்கள். வீட்டிலேயே சரியாக ஒரு லிட்டரில் கரைத்து ஊற்றிக்கொள்ளுங்கள். கொல்லங்கோட்டில் உப்பும் இஞ்சியும் போட்ட சம்பாரம் (நீர்மோர்) கிடைத்தால் விடாதீர்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

4. காற்று

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அதன் வழியே கீழ்க்காற்று வீசும். பாலக்காடு வரை அது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். அந்தச் சுகத்தில் மிதித்துத் தீர்த்துவிட்டால் கிழக்கே திரும்பும்போது காலில் ஒன்றும் மிஞ்சாது. பக்கத்தில் வருபவரிடம் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்திலேயே போங்கள். எதிர்காற்றில் ஒருவர் பின் ஒருவராக வந்தால் பின்னால் இருப்பவருக்குப் பாரம் குறையும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாற வேண்டும். முன் சக்கரம் அடுத்தவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. உரசினால் விழுவது பின்னால் வருபவர்தான். குழி வந்தால் கையைக் காட்டி, குரலும் கொடுங்கள்.

வேகத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ‘ப்ரெவே’ என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில், 200 கிலோமீட்டருக்கே நிற்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்து 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள்.

5. பஞ்சர்

மாற்று டியூப், டயரை நெம்பிக் கழற்றும் லீவர் இரண்டு, சின்ன பம்ப். புது டியூபைப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கருவேல முள் அங்கேயே நின்றிருந்தால் அடுத்த டியூபும் போய்விடும்.

பின்சேர்க்கை: மாதவிடாய் நாளில் வரலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். வரலாம். நாப்கின் நகர்ந்து தொடையை உரசும் என்பதால் நான் மாதவிடாய் கப் பயன்படுத்துகிறேன். ஆனால் பயணத்தன்றைக்கு முதல்முறையாக முயலாதீர்கள். இரண்டு மாதமாவது வீட்டில் பழகுங்கள். கழுவ ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் தனியாக வேண்டும். குடிக்கிற பாட்டிலோடு மாறிப் போகாமல் அதன் மூடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.